இரண்டு ராத்திரி ஏர்போர்ட்டில், ஒரு ஓட்டுக்காக

2024 ஏப்ரல் 16-ம் தேதி அமீரகத்தில் கொட்டிய மழையை, அங்கே முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவர்களும் கண்டதில்லை. அல் ஐன் பக்கத்தில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர். பதிவேடு எழுதத் தொடங்கிய 75 ஆண்டுகளில் அதுதான் அதிகம். துபாய் விமான நிலையத்தில் விமானங்கள் படகு மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன வீடியோவை நாமெல்லாம் கைபேசியில் பார்த்தோம். இரண்டு நாளில் 1,200-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

அங்கே மாட்டிக்கொண்ட கூட்டத்தில் திருவாடானைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். 17-ம் தேதி ராத்திரி திருச்சிக்கு டிக்கெட் போட்டிருந்தார். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பெட்டியைத் தலையில் வைத்து நடந்து, பாதி வழியில் ஒரு பாகிஸ்தானி டிரைவரின் வண்டியில் தொற்றி, எப்படியோ விமான நிலையம் வந்து சேர்ந்துவிட்டார். விமானம் இல்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டுப் படுத்தார். அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை.

சுற்றிலும் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு அவசரம். ஒருவருக்கு அப்பா இறந்துவிட்டார். ஒருவருக்குத் தங்கை கல்யாணம். பக்கத்து அட்டையில் படுத்திருந்த மலையாளி இவரிடம் கேட்டிருக்கிறார், உங்களுக்கு என்ன அவசரம் என்று.

“ஓட்டுப் போடணும். எங்களுக்கு 19-ம் தேதி.”

அந்த மலையாளிக்கு அது ஒன்றும் புதிய செய்தியில்லை. கேரளத்தில் வாக்குப்பதிவு 26-ம் தேதி. ஓட்டுக்கென்றே விமானம் ஏறுகிறவர்கள் அவர் ஊரில் நிறைய. ஆனால் தமிழர் ஒருவர் இதற்காகப் போவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது நம்மவர் முகத்தில் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே இருந்தன.

19-ம் தேதி விடியற்காலையில் இடம் கிடைத்தது. திருச்சியில் இறங்கியதும் ஒரு வாடகைக் கார். புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாக ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. வீட்டுக்குப் போகாமல் நேரே பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்துக்கு வண்டியை விடச் சொன்னார். அவருடைய அம்மா பூத் சிலிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே தன் ஓட்டைப் போட்டுவிட்டு, மகன் வருவான் என்று அங்கேயே இருந்துவிட்டார்.

சில மாதம் கழித்து அவர் லீவில் வந்திருந்தபோது சந்தித்தேன். இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்டேன். அவர் பதிலுக்குப் பழைய கதை ஒன்றைச் சொன்னார். 2006-ல் அரபு நாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தேர்தலில் இரண்டு பக்கமும் பணம் வாங்கியிருக்கிறார். இன்னொரு தேர்தலில் பூத்துக்கே போகாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறார். சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அங்க போன பிறகுதாண்ணே தெரிஞ்சது. குறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் வச்சிருக்காங்க. சோறு, சம்பளம், பஸ்ஸு எல்லாம் நேரத்துக்கு வந்துரும். ஆனா எதுலயும் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்கிற பழக்கம் கிடையாது. ஒருநா வேலை முடிச்சு வந்தா, சாமானைக் கட்டுங்க, கேம்ப் மாறுதுன்னாங்க. ரெண்டு மணி நேரம் டயம். எட்டு வருஷம் படுத்திருந்த கட்டிலு. எங்க போறோம்னு கேட்டா டிரைவருக்கே தெரியலை. அன்னிக்கு ராத்திரி நெனைச்சேன். எங்க அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவ. அவகிட்ட அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கார்ல வந்து எறங்கி ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறானே. எனக்கு அது கூட இங்க இல்லையே.”

பதினெட்டு ஆண்டு வெளிநாட்டில் இருந்தவரின் இந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. ஓட்டின் அருமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அரசியல் சாசனத்தில் ஆரம்பிப்பார்கள். இவர் கட்டிலில் ஆரம்பித்தார். எனக்கும் அப்படித்தான் புரிந்தது என்பதால் அவர் சொன்னது உடனே உறைத்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தேர்தல்

நான் குவைத்தில் 11 வருஷம் கணக்கு எழுதினேன். ஃபர்வானியாவில் இரண்டு அறை ஃபிளாட். ஆறு பேர் இருந்தோம். 2009 மே 16-ம் தேதி சனிக்கிழமை, எங்களுக்கு வார விடுமுறை. நம் நாடாளுமன்றத் தேர்தலுக்கு அன்றைக்கு வாக்கு எண்ணிக்கை. ஊரில் எட்டு மணி என்றால் எங்களுக்கு ஐந்தரை. அலாரம் வைத்து எழுந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

எந்தத் தொகுதி யாருக்கு, எத்தனை ஆயிரம் வித்தியாசம், எந்தச் சுற்றில் திரும்பியது என்று ஒரே கூச்சல். சமையல் முறை இருந்தவர் அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்து தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டதில் அடி பிடித்துப்போனது. இலங்கையின் ஹட்டனிலிருந்து வந்திருந்த டிரைவர் ஒருவரும் எங்களோடு இருந்தார். அங்கிருந்து வந்துகொண்டிருந்த போர்ச் செய்திகளால் அவர் அந்த வாரம் முழுக்க யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பதினொரு மணி இருக்கும். புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். கீழே எதிர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. கறுப்பு அபாயா போட்ட பெண்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அன்றைக்கு அந்த நாட்டிலும் தேர்தல். அந்தப் பள்ளிக்கூடம் பெண்களுக்கான வாக்குச்சாவடி.

உள்ளே ஒரு தேர்தல், வெளியே ஒரு தேர்தல். நடுவில் நாங்கள் ஆறு பேர். எங்களில் ஒருவர் கூட இரண்டிலும் ஓட்டுப் போட்டவர் இல்லை. மூன்று நாளுக்கு முன்னால் மே 13-ம் தேதி தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தபோது ஆறு பேருமே வேலையில் இருந்தோம். ஜெயித்தவர் யார் என்று அடித்துக்கொண்ட எங்களில் யாருக்கும் அந்த ஜெயிப்பில் ஒரு ஓட்டுப் பங்கு கூட இல்லை. ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்த எனக்கு அதற்கு மேல் டி.வி.யில் மனம் ஒட்டவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் குவைத்துக்காரப் பெண்மணி ஒருவர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். ஆள் எடுப்புப் பிரிவில் மேலாளர். அன்றைக்கு நான்கு பெண்கள் ஜெயித்திருந்தார்கள்; அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுதான் முதல் முறை. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 2005-ல். முதல் தடவை பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டது 2006-ல். இனிப்பை எடுத்துக்கொண்டே நான் வாழ்த்துச் சொன்னபோது அவர் தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னார். அவர் அப்பாவிடம் இந்திய டிரைவர் ஒருவர் இருந்தாராம். ஊரில் தேர்தல், ஓட்டுப் போட லீவு வேண்டும் என்று அந்த டிரைவர் கேட்டதைக் கேட்டுக்கொண்டிருந்த இவர், கார் ஓட்டுகிறவருக்கு அவர் நாட்டில் உள்ள உரிமை எனக்கு என் நாட்டில் ஏன் இல்லை என்று அப்பாவிடம் சண்டை போட்டாராம். அந்த டிரைவரின் பெயர் அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

எனக்குத் தொண்டையில் இனிப்பு இறங்கவில்லை. எங்கள் ஊரில் என் பாட்டி 1952-லேயே ஓட்டுப் போட்டவர். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர். ஒருவரும் அவருக்காகப் போராடியதாக எங்கள் வீட்டில் கதை இல்லை. தேர்தல் வந்தது, போனார், போட்டார், வந்தார். உப்பு மாதிரி எப்போதும் வீட்டில் இருந்த பொருள்.

அந்தப் பெண்மணியின் மகிழ்ச்சிக்கு இன்னொரு பின்கதையும் சேர்ந்துவிட்டது. 2024 மே மாதத்தில் அங்கே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அரசியல் சாசனத்தின் சில பிரிவுகள் நான்கு ஆண்டு வரைக்கும் நிறுத்தி வைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. வந்து 19 ஆண்டு ஆன உரிமை. செய்தியைப் படித்தபோது எனக்கு அவர் கொடுத்த இனிப்புத்தான் ஞாபகம் வந்தது.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

எங்கள் அலுவலக வரவேற்பில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். 2010 மே மாதம் அவர்கள் நாட்டில் ஜனாதிபதி தேர்தல். அதற்கு முந்தைய மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தோழிகளோடு தங்கள் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். கூடவே சந்தையில் மீனும் வாங்கி வந்தார். அவ்வளவு சாதாரணமான வேலை அது. வெளிநாட்டில் உழைக்கும் குடிமக்களுக்கு ஓட்டளிக்க வழி செய்யும் சட்டத்தை அவர்கள் 2003-லேயே போட்டுவிட்டார்கள். ஒரு மாத காலம் வாக்குப்பதிவு நடக்கும், வசதிப்பட்ட நாளில் போகலாம்.

நமக்கு 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாட்டில் இருக்கிற, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத இந்தியர், 6-ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிப்படி சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தாக வேண்டும்.

அந்த நேரில் வரும் நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கிப்போகிறது. 2019 தேர்தலில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்திருந்தார்கள். வந்து போட்டவர்கள் 25,000 பேருக்குச் சற்று மேல். 2024-ல் பதிந்தவர்கள் 1.19 லட்சம். வந்தவர்கள் 3,000 பேர் கூட இல்லை. இரண்டு தடவையும் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். 2024-ல் பதிவு செய்தவர்களிலேயே 89,000-க்கும் மேல் கேரளம்தான். அங்கே சங்கங்கள் கூடிப் பேசி, மொத்தமாக டிக்கெட் எடுத்து, ‘ஓட்டு விமானம்’ என்றே பெயர் வைத்து ஆட்களை அனுப்புகிறார்கள். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் என்று தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டிப் பிழைக்கப் போகும் சபுராளிகளை அனுப்பிய நம் ஊர்களில், சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில், 6-ஏ என்றால் என்னவென்று கேட்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். திருவாடானைக்காரருக்கும் தெரியாது. தன் பழைய வாக்காளர் அட்டையை வைத்துத்தான் 2024-ல் ஓட்டுப் போட்டார். சட்டப்படி அவர் 6-ஏ கொடுத்திருக்க வேண்டியவர். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்க நிற்கும்போதெல்லாம் ஒன்று என் கண்ணில் படும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இந்திய அரசு ஊழியருக்குச் சொந்தத் தொகுதியில் தபால் ஓட்டு உண்டு. வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியருக்கும் ராணுவத்தினருக்கும் சட்டம் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 2016-லிருந்து வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பவும் செய்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிமென்ட் கறையோடு நிற்கும் கொத்தனாருக்கு அது கிடையாது. இருவரும் ஒரே நாட்டுக் குடிமக்கள், ஒரே மாவட்டத்துக்காரர்களாகவும் இருக்கலாம். பதிலாளை வைத்து ஓட்டுப் போட அனுமதிக்கும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, அந்த அவை முடிந்ததோடு காலாவதியானது. தபால் ஓட்டை இவர்களுக்கும் விரிக்கலாம் என்ற யோசனை 2020-லிருந்து பேச்சில் இருக்கிறது.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போன நம் பிள்ளைக்கு அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு இருக்கிறது. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன், முறையான விசாவோடு அங்கே வசிக்கிறவன் என்றால் போதும். இருபத்தைந்து வருஷம் வளைகுடாவில் பாலம் கட்டியவருக்கு அங்கேயும் இல்லை, ஊரிலும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வெளிநாடு என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்.

ஊரில் பத்து வருஷமாக இல்லாதவர் ஊர் விஷயத்தில் ஏன் தலையிட வேண்டும், தொழிலாளர் முகாம்களில் ஓட்டின் ரகசியம் காக்கப்படுமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊரில் அவருடைய அம்மாவும் மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்களே, அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம் அவர் விஷயம் இல்லையா என்பதுதான் என் பதில்.

பட்டியலில் ஒரு வரி

இதுவரை சொன்னது ஓட்டை நேசிக்கக் கற்றுக்கொண்ட கதை. என்னைத் தூங்கவிடாத கவலை வேறு. நேசித்துத் திரும்பி வரும்போது பெயர் இருக்குமா?

நான் 2018-ல் குவைத்தை முடித்துக்கொண்டு மதுரைக்கு வந்தேன். அடுத்த ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தல். மதுரையில் அன்றைக்குச் சித்திரைத் தேரோட்டம். கூட்டத்துக்காக வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டியிருந்தார்கள். தேர் பார்த்த கையோடு வேட்டி சட்டையில், பல வருஷத்துக்குப் பிறகு போடப்போகும் ஓட்டு என்ற படபடப்போடு வரிசையில் நின்றேன். பழைய வாக்காளர் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் பையில் இருந்தன. உள்ளே பட்டியல் வைத்திருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். என் தெருவின் பக்கங்களை இரண்டு முறை விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். என் அண்ணன் பெயர் இருந்தது, அண்ணி பெயர் இருந்தது. அடுத்த வரியில் எதிர்வீட்டுக்காரர்.

“கார்டு இருந்தா மட்டும் போதாது சார். பட்டியல்ல பேர் இருக்கணும்,” என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை; என்னைவிட அவர்தான் சங்கடப்பட்டார். எனக்குப் பின்னால் நின்ற பையன் என்னைத் தாண்டி முன்னே போனான்.

வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த ஏஜென்ட்டுகளிடம் போனேன். ஒருவர், ‘49பி-ன்னு ஒண்ணு இருக்கே, படத்துல வந்துச்சே, அதைக் கேளுங்க’ என்றார். முந்தின தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படத்தால் அந்த விதி எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனால் அது நம் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டால் உதவும் விதி. பெயரே இல்லாதவருக்கு அது கைகொடுக்காது. திருடு போனதற்கு முறையிடலாம். இல்லாமலே போனதற்கு யாரிடம் முறையிடுவது? நான் ஊரில் இல்லாத ஏதோ ஒரு வருஷத்தில் யாரோ வந்து கேட்டிருக்கிறார்கள், வீட்டில் இருந்தவர்கள் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு படிவம் 6 கொடுத்து, அலைந்து, அடுத்த தேர்தலுக்குள் பெயரைச் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு தேர்தல் போனது போனதுதான்.

பெயர் போவது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை என்பதை ஹட்டன் டிரைவரிடம் முன்பே கேட்டிருக்கிறேன். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1931-லேயே சர்வஜன வாக்குரிமை வந்த நாடு இலங்கை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் ஓட்டால் நுவரெலியாவிலிருந்து அவர்கள் தலைவர் தொண்டமான் நாடாளுமன்றத்துக்குப் போனார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் லட்சக்கணக்கான மலையகத் தமிழர் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. ஓட்டில்லாத மக்களுக்கு என்ன நேரும் என்பதற்கு அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் போதும். 1964-ல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல்தான் முழுமையாக வந்தது. டிரைவரின் தாத்தா ஒரே ஒரு பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலும் பெயர் சம்பந்தமான ஒரு கதை உண்டு. வட மாநிலங்களில் கணக்கெடுக்கப் போனவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவாயிற்று. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் வேண்டும் என்று அவகாசம் கொடுத்துப் பார்த்தும் பெயர் தராததால் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. கடுமையான முடிவு. ஆனால் அடுத்த தேர்தலில் பெண்கள் அவரவர் பெயரிலேயே பதிந்தார்கள்.

2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தது. வீடு வீடாகப் படிவம் வந்தது. டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது, ஒருவருக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருக்கக் கூடாது. அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் நீக்கத்தில் மிகப் பெரிய பங்கு, 66 லட்சத்துக்கும் மேல், இடம்பெயர்ந்தவர்கள் என்ற தலைப்பில் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன குடும்பமும், சென்னையில் வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருப்பவரும், ஷார்ஜாவில் கயிற்றில் தொங்கி ஏசி மாட்டுகிறவரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டவர் ஊரைவிட்டே போய்விட்டதாகப் பட்டியலுக்குத் தோன்றுவதுதான் எனக்கு அச்சம். இவர்களுக்குத்தான் ஓட்டின் அருமை அதிகம் தெரியும். முதலில் விடுபடுவதும் இவர்கள்தான்.

திருவாடானைக்காரருக்கு டிசம்பர் கடைசியில் போன் போட்டேன். அவர் குரல் இறங்கியிருந்தது. வரைவுப் பட்டியலில் அம்மா பெயர் இருக்கிறது, மனைவி பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. 

நடந்தது இதுதான். படிவத்தோடு வந்தவர் அதே ஊர் அங்கன்வாடிப் பெண். அம்மாவுக்குத் தெரிந்த பிள்ளை. உங்க மகன் எங்கே ஆத்தா என்று கேட்டிருக்கிறார். ஷார்ஜாவில் என்று அம்மா சொன்னார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, லீவு கொடுத்தால்தானே வருவான் என்றார். நிரந்தரமாக அங்கேதான் இருக்கிறாரா என்ற கேள்விக்கு, இருபது வருஷமா அங்கதானம்மா கிடக்கான் என்று பெருமூச்சு விட்டார். கேட்ட பெண் எழுதிக்கொண்டார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை.

செய்தி தெரிந்த அன்று ராத்திரியே அவர் கேம்ப்பில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல, கைபேசியிலேயே 6-ஏ படிவத்தை நிரப்பினார். பாஸ்போர்ட்டில் உள்ள தெருப் பெயரும் அம்மாவின் படிவத்தில் உள்ள தெருப் பெயரும் வேறு வேறு. இடையில் யாரோ தெருவுக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, விசாப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்து அனுப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இதை எழுதும்போது அவர் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

அம்மாதான் தினமும் வீடியோ காலில் வந்துவிடுகிறாராம். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்.

“நான் சொன்னது தப்பாடா தம்பி?”

“இல்லத்தா. நீ உள்ளதைத்தானே சொன்னே.”

“இங்கதான் இருக்கான்னு சொல்லியிருக்கணுமோ?”

அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பேச்சை மாற்றிவிடுகிறேன் அண்ணே, என்றார்.